தாய்க்கொடி அடிமண்

அந்தக் கைகள் முதலில் கஞ்சியைத் தொட்டுப் பார்த்தன. சூடு ஆறியிருந்தது. ஒரு பிடி கறுப்பு மண் குண்டானுக்குள் விழுந்தது. பிறகு இன்னொரு பிடி. விரல்கள் அதைக் கட்டி தட்டாமல் கரைத்தன. மேலே விதைகள் போயின. சிறகவரை விதைகள், பழுப்பு நிறம், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பு. உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி எடுத்தபோது மினுமினுப்பெல்லாம் போய், ஒவ்வொன்றும் அழுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. கைகள் அவற்றை வெயில் படாத மூலையில், பழைய சாக்கின் மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பின. கடைசி விதையைக் கட்டைவிரலால் திருப்பிப் பார்த்தன. ஒரு பக்கம் மண் பிடிக்காமல் வெறுமையாக இருந்தது. அதை மறுபடியும் குண்டானில் போட்டன.

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் யாராவது அப்போது வேலிப்பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். விதையைக் குளிப்பாட்டுகிற அம்மா வீடு என்றுதான் அந்தத் தெருவில் புஷ்பாவின் வீட்டுக்குப் பெயர். தக்காளியோ மிளகாயோ அவரையோ, எதுவானாலும் விதையை எடுத்தால் வெந்நீரில் அலசுவாள். வெள்ளைத்துணியில் ஒற்றி நிழலில் காயப்போட்டு, சாம்பல் தடவி, பிறகு சாம்பலையும் துடைத்துவிட்டுத்தான் பாட்டிலில் போடுவாள். அவளிடம் வாங்கிய விதையில் ஒரு வண்டு ஓட்டை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அவள் பிறந்தது நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து திரும்பியவர்களைக் கப்பலேற்றி அங்கே குடியமர்த்தியபோது வந்த குடும்பம். கல்யாணமும் அதே லயத்திலேயே அமைந்தது. சந்திரமோகன் அடுத்த வரிசை வீட்டுப் பிள்ளை. கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு இருவரும் போர்ட் பிளேருக்கு வந்தார்கள். அவனுக்கு மின்சாரத் துறையில், டீசல் இன்ஜின் ஓட்டுகிற வேலை. அவள் பின்கட்டில் வலை கட்டி நாற்றுப் போட ஆரம்பித்தாள். ஒரே மகள் ஷோபனா படித்து முடித்து மெயின்லேண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டாள்.

பின்சுவரை ஒட்டி நின்ற சிறகவரைக் கொடிக்குப் பந்தல் போட்டது சந்திரமோகன்தான். மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கி, பொழுது சீக்கிரம் சாய்கிற நாட்களில் அது பூக்கும். வெளிர்நீலப் பூ. காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் டீ கிளாசோடு பந்தலடியில் போய் நிற்பான். முதல் பூவைப் பார்த்த அன்று, "வந்துட்டாங்கப்பா!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்துவான். ஊரிலிருந்து ஆள் வந்திறங்கியதுபோல் இருக்கும் அந்தச் சத்தம். புஷ்பா கரண்டியோடு ஓடிவருவாள், தெரிந்த பூவைத் தெரியாததுபோல் பார்ப்பதற்கு.

பிறகு அவனுக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்தது.

மழைக்காலம் முழுவதும் நாற்று வியாபாரம். அதை விட்டுவிட்டு அவளால் நகர முடியாது. தீபாவளி கழிந்தால் கை ஓய்ந்துவிடும். அவரை பூப்பதும் அப்போதுதான். கிளம்புகிற அன்று கப்பல் ஜெட்டியில் சந்திரமோகன் சொன்னான்: "அங்க குவார்ட்டர்ஸ் பின்னால எடம் கெடக்காம். வெதைய குடுத்தனுப்பு. கொடி பூத்ததும் ஒனக்கு போன் போடுறேன், ஜஹாஸ் ஏறி வந்துரு. பிஞ்சு விடறதுக்கும் நீ வந்து சேர்றதுக்கும் சரியா இருக்கும். இல்லாட்டி வந்த பொம்பளைக்கு ஆலுவும் தாலுமா ஆக்கிப் போடுறது?"

அங்கே உருளைக்கிழங்கும் பருப்பும்தான் கிடைக்கும் என்பதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டுதான் தலையாட்டினாள். ஆனால் புஷ்பா எந்தச் சொல்லையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறவள். கார் நிக்கோபார் போக வெளியாட்களுக்கு வேண்டிய அனுமதிப் பாசுக்கும் அந்த மாதமே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விதைகளில் நல்லவையாகப் பார்த்துப் பொறுக்கினாள். வழக்கத்தைவிட இன்னொரு தடவை அலசினாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் மெழுகு உருக்கி ஊற்றி, சந்திரமோகனோடு வேலை செய்யும் நந்தகுமாரிடம் கொடுத்தனுப்பினாள்.

கார் நிக்கோபாரில் சிக்னல் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவன் மேட்டில் ஏறி நின்றால்தான் குரல் முழுசாக வரும்.

"மொளைச்சிருச்சி புள்ள. ஆனா காமாலை புடிச்ச மாதிரி மஞ்சளா நிக்கிது."

"தண்ணி தேங்குதாங்க?"

"தேங்குறதா! அரே, இங்க மண்ணா இருக்கு? வெள்ளை மணலு. புதுசா கொட்டி நெரவி வீடு கட்டிருக்கான். பானி ஊத்துனா நேரா பாதாளத்துக்குப் போவுது."

"அப்ப பசிதான். யூரியா கொஞ்சம் கரைச்சு ஊத்துங்க. வேருல படாம, தள்ளி ஊத்துங்க."

யூரியா ஊற்றினான். அடுத்த போனில் அவன் குரலே மாறியிருந்தது. கொடி கறுகறுவென்று எழுந்து சுவரைத் தாண்டி, கூரையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டதாம். இது வீடா காடா அண்ணே என்று நந்தகுமார் கேட்டானாம். புஷ்பா சந்தோஷத்தோடு பாஸ் கிடைத்துவிட்டதைச் சொன்னாள். புதுப்புடவைக்கு ஓரம் அடித்து வைத்தாள். வலைக்குள் இருந்த தட்டுகளைக் காலி செய்யத் தொடங்கினாள்.

அவளுடைய பந்தலில் நீலப் பூ வந்தது. அதைப் பார்த்து, அங்கேயும் இன்றோ நாளையோ என்று நினைத்துக்கொண்டாள். போன் வந்தால், சாப்பிட்டீங்களா என்று கேட்ட காலம் போய், எடுத்த எடுப்பில் "பூ வந்துச்சா?" என்றே கேட்டாள்.

"எலைதான்."

"மொட்டு கூடவா இல்ல?"

"எலைதான் புஷ்பா. மாடு இருந்தாக்கூட திங்கும். இங்க மாடும் இல்ல."

கேள்வி அவளுக்கும் பதில் அவனுக்கும் கசந்துபோனது. பிறகு போன் குறைந்தது. அவளுடைய கொடி காய்த்து, முற்றி, நெற்று உலர்ந்து வெடித்தது. அவன் அழைக்கவில்லை. அழைக்காமல் போவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. பாசின் தேதி முடிந்துபோனது. டாலிகஞ்சுக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து மெயின்லேண்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் தெற்கே திரும்பவில்லை. வாசலில் அவனுடைய பழைய செருப்பு கிடந்தது. பெருக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி, அடியில் பெருக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். பூக்காதது கொடிதானா, அவன் மனசா என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பை விரட்டத் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு நாற்றுக்குப் போனாள்.

அந்தக் கோடையில்தான் அதே ஊரின் குட்வில் எஸ்டேட்டிலிருந்து உமா மகேஸ்வரி வந்தாள். வேளாண் பண்ணை ஒன்றில் மண் பரிசோதிக்கிற வேலை. மதுரைப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது.

"அக்கா, சண்டை போட வந்திருக்கேன். போன வருஷம் உங்ககிட்ட சிறகவரை நாத்து ஒண்ணு வாங்குனேன்ல, கூடவே ஒரு கை விதையும் குடுத்தீங்க. நாத்தை வாசல்ல வச்சேன். பூவா பூத்து, அக்கம்பக்கமெல்லாம் காய் குடுத்தேன். விதையை மொட்டை மாடித் தொட்டியில போட்டேன். ஒரு பூ பூக்கல. ஒரே கொடி விதைதான? எனக்கு மட்டும் என்னத்தக் கலந்து குடுத்தீங்க?"

புஷ்பா சிரிக்கவில்லை. "தொட்டில என்னா மண்ணு?" என்றாள்.

"புது மண்ணுதான். வீடு கட்ட மலையை வெட்டுனாங்களே, அந்தச் செம்மண்ணு. கொஞ்சம் யூரியாவும் போட்டேன்."

"கொடி இன்னும் நிக்கிதா?"

"நிக்குது. வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"வாம்மா, பாத்துருவோம்."

குட்வில் எஸ்டேட் வீட்டு மொட்டை மாடியில் தொட்டியைச் சாய்த்துக் கொடியை வெளியே எடுத்தாள். வேரை வாளித்தண்ணீரில் ஆட்டினாள். நூல்கண்டு போல வெறும் வேர். பிறகு வாசலுக்கு வந்து, காய்த்து ஓய்ந்த கொடியின் அடியில் குச்சியால் மெல்லக் கிளறினாள். அங்கே வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக இருந்தது. மிளகு அளவில் சில, சுண்டைக்காய் அளவில் சில. பெரும்பாலும் சுருங்கியிருந்தன. இளசாக இருந்த ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை மாமிசம் போல இளஞ்சிவப்பு.

"இதை நான் எத்தனையோ தடவை பாத்துருக்கேன்," என்றாள் புஷ்பா. "அவரைன்னா வேருல இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன். இது இல்லாத அவரைய இப்பத்தான் பாக்குறேன்."

உமா மகேஸ்வரி பக்கத்தில் குந்திக்கொண்டாள். "இது வேர் இல்லக்கா, வீடு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரு உள்ள குடியிருக்கு. காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடிக்குக் குடுக்கும். கொடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நம்பிப் பொழைக்குது."

"பூவுக்கும் இதுக்கும் என்னா?"

"அதைத்தான் இப்பப் புதுசா பாக்குறாங்க. சோயாவுல பாத்திருக்காங்க, இந்த முடிச்சு உள்ள செடி சீக்கிரம் பூக்குது. வேர்ல இவங்க குடிவந்தாச்சுன்னு மேல இலைக்குச் சேதி போகுதாம், பூக்கலாம்னு. நம்ம சிறகவரையில யாரும் அப்படி உக்காந்து பாத்த மாதிரி எனக்குத் தெரியல. ஆனா பட்டினி கிடக்கிற கொடி நேரத்துக்குப் பூக்குமா? பொழுது குறையுற அந்தக் கொஞ்ச நாளை விட்டா போச்சு."

"பட்டினி இல்லியே. யூரியா குடுத்தா?"

"சோத்தைத் தட்டுல போட்டுட்டா சமைக்கிறவங்களை யாரு வீட்டுக்குள்ள விடுவா? யூரியா இருந்தா கொடி இவங்களைச் சேத்துக்காது. தின்னு தின்னு இலையா போட்டுக்கிட்டே இருக்கும்."

புஷ்பா கையிலிருந்த முடிச்சை உருட்டினாள். "இவங்க எங்கேருந்து வருவாங்க?"

"அவரை விளைஞ்ச மண்ணுல இருப்பாங்க. புது மண்ணுல இல்லாமலே போகலாம். நீங்க குடுத்த நாத்தோட மண்ணுல வந்திருப்பாங்க. விதையில ஒட்டுன மண்ணோடயும் கொஞ்சம் போய்ச் சேருவாங்க."

"என் வெதையில ஒட்டாது," என்றாள் புஷ்பா. "நாந்தான் கழுவிருவேனே. மெழுகு வேற ஊத்துனேன்."

உமா மகேஸ்வரிக்கு எதுவும் புரியவில்லை. புஷ்பாவுக்குக் கச்சால் மேடு கண்ணுக்குள் வந்துவிட்டது.

அங்கே ரப்பர் கன்று நடுமுன் தரையை மூடிப் படர்கிற மூடுகொடி விதைப்பார்கள். அதுவும் அவரைச் சாதிதான். விதை பொடிசு. மண்ணோடு கலந்து தூவ வேண்டும். அவளும் மற்றப் பெண்களும் பக்கத்திலிருந்தே மண்ணை அள்ளப்போனால், வெள்ளைச்சாமி கங்காணி தூரத்திலிருந்தே சத்தம் போடுவார்: "அந்த மண்ணைத் தொடாதீங்கடி! பழைய மலையில கொடி நிக்கிற எடத்துல அள்ளியாங்க!" கூடையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி இறங்கும்போது பெண்கள் அவரை வைத வசவு கொஞ்சமா? மண் கலப்பது விதை சீராக விழத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். சீராக விழ எந்த மண்ணாக இருந்தால் என்ன என்று மட்டும் அவள் கேட்கவில்லை. கங்காணியும் சொல்லவில்லை. அவருக்கும் அது ஏனென்று தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் விதைத்திருப்பார். சிறகவரை பெரிய விதை, ஒவ்வொன்றாக ஊன்றலாம், மண் கலக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தவள் அவள்தான்.

முதல் மழை விழுந்ததும் அவள் தன் பின்சுவர்க் கொடியடியில் மண் எடுத்தாள். கஞ்சியில் கரைத்து விதையைப் புரட்டினாள். அதே அடிமண்ணைப் பைகளில் நிரப்பி ஊன்றினாள். நாற்று எழுந்தது. ஒரு பையை மட்டும் பலிகொடுத்துக் கிழித்து வேரைப் பார்த்தாள். கடுகு கடுகாக முடிச்சு வந்திருந்தது. மீன் ஏற்றுகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, பக்கங்களில் காற்றுக்கு ஓட்டை போட்டாள். பைகள் ஆடாமல் இருக்க இடுக்கெல்லாம் தேங்காய் நார் செருகினாள். லீவில் வந்திருந்த நந்தகுமாருக்குச் சொல்லியனுப்பினாள்.

நந்தகுமார் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன அண்ணி, மீனா?"

"நாத்து. அண்ணன்கிட்ட குடு. பழைய எடத்துல நட வேணாம், அங்க யூரியா கெடக்கும். தள்ளிப் புதுக்குழி வெட்டச் சொல்லு. பையோட மண்ணு ஒதிராம நடணும். யூரியா பக்கமே போகக் கூடாது."

"மறுபடியும் அவரையா? போன கொடியை வெட்டவே விட மாட்டேங்கிறாரு. பாம்பு வரும்ணே, வெட்டிப் போடுங்கன்னா கேட்டாத்தானே. போன சீசன் பூரா ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் அந்தக் காட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு மொட்டு தேடுறதுதான் வேலை. ஒரு நாள் குளவி கொட்டி மூஞ்சி இப்படி வீங்கிருச்சு."

"அவரு என்கிட்ட சொல்லவே இல்லியே."

"என்னத்தச் சொல்வாரு? ரெண்டாவது கட்டில் ஒண்ணு செஞ்சு போட்டு வச்சிருக்காரு. நான் போய்ப் படுத்தா எந்திரிடாங்கிறாரு. கேட்டா, பூத்தா அண்ணி வரும்ங்கிறாரு. பூக்கலன்னா வர மாட்டாங்களாண்ணேன்னு கேட்டேன். அவளா வந்தாத்தான் உண்டு, ஒண்ணுமில்லாத எடத்துக்கு எந்த மொகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறதுன்னாரு. நீங்க ரெண்டு பேரும் நல்லா பொருந்தி வந்தீங்க, போங்க."

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கப் போனான். புஷ்பா மூடிமேல் கைவைத்தாள்.

"வச்சிரு."

"ஏன் அண்ணி? இன்னும் வேலை இருக்கா?"

அவள் பின்சுவரைப் பார்த்தாள். கொடி அப்போதுதான் பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. பூவுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. வேருக்குள் குடி வந்தபிறகுதான் மேலே பூ என்று உமா மகேஸ்வரி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவளும் அவனும் அதைத் தலைகீழாகப் பேசி வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தைத் தொலைத்திருந்தார்கள்.

"நான் எடுத்துட்டு வர்றேன்," என்றாள்.

"இப்பவா? கடல் எப்படி ஆடுதுன்னு தெரியுமா? வாந்தி எடுத்தே பாதி ஆயிருவீங்க. வியாபார நேரம் வேற."

"பாதி ஆனா ஆயிட்டுப் போறேன். பாசுக்கு எழுதிக் குடுக்கிறேன். நீ போயிக்க. அண்ணன்கிட்ட பெட்டி வருதுன்னு மட்டும் சொல்லு. யாரு கொண்டாறான்னு சொல்லாத."

"நெறைய பொய் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும். அதுதான் ஒனக்குக் கஷ்டம்."

தக்காளி நாற்றும் மிளகாய் நாற்றும் தட்டுத்தட்டாக நின்றன. வியாபாரத்தின் நடுவில் அவற்றை விட்டுப்போவது அவளுக்குச் சோற்றுப்பானையை அடுப்பிலேயே விட்டுப்போவது போல இருந்தது. பக்கத்து வீட்டு ஷீலாவிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். எந்தத் தட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். "டீக் ஹை தீதி, தெரியும், நீங்க ஜாவ்," என்று ஷீலா தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள். கதவைப் பூட்டுமுன் வாசலில் கிடந்த பழைய செருப்பை எடுத்துத் துடைத்து, பையின் அடியில் வைத்தாள்.

கப்பல் ஆடத்தான் செய்தது. நந்தகுமார் சொன்னதில் பாதி நடந்தது. ஆனால் பெட்டியை மட்டும் அவள் படுக்கைக்குக் கீழே விடவில்லை. தன் பக்கத்திலேயே வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டே கிடந்தாள். இடையிடையே மூடியைத் திறந்து பார்த்தாள். நாற்றுகள் கப்பலோடு சேர்ந்து தலையாட்டின. மண் உதிரவில்லை.

கார் நிக்கோபார் ஜெட்டியில் மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. இறங்குகிறவர்கள் எல்லோரும் தலையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். சந்திரமோகன் மின்சாரத் துறை மழைக்கோட்டில் ஒரு கம்பத்தோரம் நின்றிருந்தான். இளைத்திருந்தான். முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. போனில் நரை தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் கண்கள் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி கண்ணில் பட்டதும் அதை நோக்கி நடந்தான். கிட்டே வந்தபிறகுதான் பெட்டிக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தான்.

மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"இன்னும் பூக்கலியே புள்ள," என்றான். குற்றம் செய்தவன் மாதிரி இருந்தது குரல்.

"எப்படிப் பூக்கும்? அதுக்கு வேண்டியதை நான் கழுவி விட்டுட்டு வெறும் வெதையத்தான் அனுப்புனேன்."

"என்னாது இது?"

"நம்ம பந்தலடி மண்ணு. நாத்தும் இருக்கு."

"மண்ணையா தூக்கிக்கிட்டு வந்த? ஜஹாசுல?" அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மழைநீரைத் துடைப்பதுபோல் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். "இங்க ஆலுவும் தாலும்தான் இருக்கு."

"நீங்க ஆக்கிப் போடுங்க, திங்கிறேன். இந்தத் தடவை பொழுது கொறையிறப்போ நானும் இங்கதான் நிப்பேன். பூத்தா ரெண்டு பேரும் பாப்போம். பூக்கலன்னா வேரைத் தோண்டிப் பாப்போம்."

அவன் ஒரு கையை நீட்டினான்.

"ஒரு கையால இல்ல. ரெண்டு கையும் அடியில குடுங்க. மண்ணு ஒதிரக் கூடாது."

சந்திரமோகன் மழைக்கோட்டைக் கழற்றி, அதைப் பெட்டிக்கு மேல் கூரைபோல் போர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தான். பாரம் முழுவதும் அவன் கைக்குப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு, புஷ்பா தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.